தெரிஞ்சு சொன்ன பொய்யா, தெரியாமலே அடிச்சு விட்டதா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட விதத்துல ஒரு தடவை சொல்லிடறேன். ஊருக்கு வெளிய ஒரு ப்ளாட் பார்க்கப் போனீங்க, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கான்னு கேட்டீங்க, புரோக்கர் யோசிக்கவே இல்லாம "பக்காவா இருக்கு சார்"ன்னார். அட்வான்ஸ் குடுத்தப்புறம் விசாரிச்சா அப்ரூவல் இல்லை, அதுக்கு மனுவே போடலை. சண்டை போட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்கிட்டீங்க. கடைசியா "ஏன் பொய் சொன்னீங்க"ன்னு கேட்டதுக்கு அவர் "நான் எங்க சார் பொய் சொன்னேன், இல்லைன்னு தெரிஞ்சு இருக்குன்னு சொன்னாத்தானே பொய், எனக்கு இருக்கா இல்லையான்னே தெரியாது"ன்னுட்டார். பணம் கைக்கு வந்துடுச்சு, அதனால கேஸ் போடலாமாங்கிறது உங்க கேள்வி இல்லை. அந்த ஆள் சொன்ன லாஜிக் சரியா, பொய் சொல்றதுக்கும் உண்மை எதுவா இருந்தா எனக்கென்னன்னு பேசறதுக்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கா, இருந்தா எது மோசம், பொய் சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு கோவம் வந்திருக்காதேன்னு ஏன் தோணுது, இதுதான் நீங்க கேட்கிறது. நல்ல கேள்வி, புரோக்கர் சொன்னதும் ஒரு வகையில நல்ல பதில்தான், அதனாலதான் உங்களால உடனே வாயடைக்க முடியலை.

நான் பி.ஏ. தத்துவம் படிச்சுட்டு அப்புறம் சட்டம் படிச்சவன். மாவட்ட கோர்ட்ல பெரும்பாலும் நிலத் தகராறு, பாகப்பிரிவினை, நடுநடுவுல கொஞ்சம் கிரிமினல். காலேஜ்ல படிச்ச தத்துவத்துல பாதி போயிடுச்சு, இந்த ஒரு விஷயம் மட்டும் போகலை, ஏன்னா சாட்சிக் கூண்டுல நான் பார்க்கிறதே இதைத்தான். அதனால ரெண்டையும் கலந்துதான் பதில் சொல்ல வரும், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல சந்தேகமே இல்லாத பகுதியைச் சொல்லிடறேன். தப்பான தகவல் எல்லாம் பொய் ஆகாது. கடைசி பஸ் பத்து மணிக்குன்னு மனசார நம்பி ஒருத்தர் சொல்றார், நேரம் மாத்திட்டது அவருக்குத் தெரியாது, பஸ் ஒன்பதரைக்கே போயிடுச்சு. அவர் சொன்னது தப்பு, அவர் பொய்யர் இல்லை. இதையே திருப்பிப் போடுங்க, உங்களை அலைய விடணும்னே ஒருத்தன் "இடது பக்கம் போங்க"ன்னு கை காட்டறான், அவனுக்கே தெரியாம அதுதான் சரியான வழி. வாயில வந்தது உண்மை, ஆனாலும் அவன் பொய் சொல்லத்தான் பார்த்தான். சுமார் 395ல அகஸ்டின்கிற கிறிஸ்தவ சிந்தனையாளர் பொய்யைப் பத்தி மட்டும் தனியா ஒரு நூல் எழுதினார், அதுல பொய்யனுக்கு ரெட்டை மனசுங்கிறார், உள்ள ஒண்ணை வெச்சுக்கிட்டு வெளிய வேற ஒண்ணைச் சொல்றான். அதாவது பொய்யா இல்லையாங்கிறதை ப்ளாட்டைப் பார்த்து முடிவு பண்ண முடியாது, சொன்னவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும். வள்ளுவரும் "தன்நெஞ் சறிவது பொய்யற்க"ன்னு அதே இடத்துலதான் கை வைக்கிறார், நெஞ்சுக்குத் தெரிஞ்சிருக்கணும், அப்பத்தான் பொய்த்தபின் அந்த நெஞ்சே சுடும். நெஞ்சுக்கு ஒண்ணுமே தெரியலைன்னா சுடறதுக்கு அங்க என்ன இருக்கு? உங்க புரோக்கர் நிம்மதியா தூங்கறது இதனாலதான்.

ஆக இந்த இலக்கணப்படி பார்த்தா புரோக்கர் சொல்றது பாதி சரி. அவர் செஞ்சது வேற ஒரு வகை. நம்ம பேச்சுல "அடிச்சு விடறது"ன்னு சொல்றோமே, அது. இதைத் தனியா எடுத்து உட்கார்ந்து யோசிச்சவர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட்னு ஒரு அமெரிக்க தத்துவப் பேராசிரியர், 1986ல ஒரு இதழ்ல கட்டுரையா எழுதினார், 2005ல அதையே சின்னப் புத்தகமா போட்டாங்க, தத்துவப் புத்தகத்துக்கு நம்ப முடியாத விற்பனை. 2023ல தான் போனார், 94 வயசு. அவர் சொன்னதோட சாரம் இதுதான்: பொய் சொல்றவனுக்கு உண்மை வேணும். கள்ள நோட்டு அடிக்கிறவனுக்கு நல்ல நோட்டு எப்படி இருக்கும்னு பேங்க்காரனைவிட நல்லா தெரிஞ்சிருக்கணும் இல்லையா, அந்த மாதிரி. உண்மை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை நீங்க பார்க்காம மறைச்சு நிக்கிறதுதான் அவன் வேலை, அந்த அளவுக்கு அவன் உண்மையை மதிக்கிறான்னே சொல்லணும். அடிச்சு விடறவனுக்கு அந்த வேலையே கிடையாது. அவன் சொன்னது உண்மையா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, அந்த நேரத்துக்கு அந்த வாக்கியம் வேலை செஞ்சா போதும். உங்க புரோக்கருக்கு அந்த நிமிஷம் தேவைப்பட்டது நீங்க கார்ல ஏறி ஆபீஸுக்கு வந்து அட்வான்ஸ் வைக்கிறது, அதுக்கு "இருக்கு சார்" தேவைப்பட்டுச்சு, "இல்லை சார்" தேவைப்பட்டிருந்தா அதையும் அதே முகத்தோட சொல்லியிருப்பார்.

ஃபிராங்க்ஃபர்ட் அதுல ஒரு கதையை எடுத்துப் பேசுவார். 1930கள்ல கேம்பிரிட்ஜ்ல விட்கன்ஸ்டைன்கிற பெரிய தத்துவவாதிக்கு ரஷ்ய மொழி சொல்லிக் குடுத்த ஃபானியா பாஸ்கல்ங்கிற அம்மாவுக்கு டான்சில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க, அப்ப விட்கன்ஸ்டைன்கிட்ட அந்தம்மா "வண்டியில அடிபட்ட நாய் மாதிரி இருக்கு"ங்கிறாங்க, அவர் எரிச்சலாகி "அடிபட்ட நாய்க்கு எப்படி இருக்கும்னு உனக்கு என்ன தெரியும்"னு கேட்டாராம். தொண்டையில ஆபரேஷன் ஆகிக் கிடக்கிறவங்ககிட்ட கேட்கிற கேள்வியா அது, எனக்கு அந்தம்மா பக்கம்தான் மனசு போகும். ஆனா அவருக்கு ஏன் எரிச்சல் வந்திருக்கும்னு ஃபிராங்க்ஃபர்ட் சொல்ற விளக்கம் முக்கியம். அந்தம்மா பொய் சொன்னாங்கன்னு அவருக்குக் கோவம் இல்லை, தனக்குத் தெரியுமா தெரியாதான்னு பார்க்காமலே ஒரு விவரத்தைச் சொல்றாங்களேன்னுதான் கோவம். அடிபட்ட நாய்க்கும் வண்டிக்கும் இது ஓவர், சரி. வீட்டுமனைக்கு ஓவர் இல்லை.

இப்ப புரோக்கருக்கு என்ன பதில்னு வருவோம், என் கருத்துல இதுதான் இந்த விஷயத்தோட நெஞ்சு. அவர் மூஞ்சைப் பார்த்து நீங்க இப்படிக் கேட்டிருக்கலாம்: "சரிங்க, அன்னிக்கு நீங்க என்கிட்ட 'அப்ரூவல் இருக்கு, ஆனா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருப்பீங்களா?" சொல்லியிருக்க மாட்டார். சொன்னா அது பைத்தியக்காரத்தனமா இருக்கும். இதே ஜாதி வாக்கியத்தை ஜி.இ. மூர்னு ஒரு தத்துவவாதி எடுத்துக் காட்டினார், "மழை பெய்யுது, ஆனா பெய்யுதுன்னு நான் நம்பலை". ரெண்டு பாதியும் தனித்தனியா உண்மையா இருக்க முடியும், வெளிய மழையும் பெய்யலாம், எனக்கு அந்த நம்பிக்கையும் இல்லாம இருக்கலாம், ஆனா ஒரே வாயால சேர்த்துச் சொல்ல முடியாது. ஏன்னா நாம ஒண்ணை அடிச்சுச் சொல்லும்போது அந்த விஷயத்தோட சேர்த்து "இது எனக்குத் தெரியும், என்னை நம்பலாம்"னு ஒரு உத்தரவாதத்தையும் சொல்லாமலே குடுக்கிறோம். புரோக்கர் ப்ளாட்டைப் பத்தி பொய் சொன்னாரான்னு கேட்டா, ஒருவேளை இல்லைதான். தன்னைப் பத்தி பொய் சொன்னாரா? கண்டிப்பா சொன்னார். "எனக்குத் தெரியும்"கிறதுதான் அந்தப் பொய், அதை அவர் நெஞ்சு நல்லா அறியும், விசாரிக்கலைங்கிறது அவருக்குத் தெரியாம இருக்க வழியே இல்லை.

இது நான் புதுசா கண்டுபிடிச்சது இல்லை, நம்ம சட்டத்துல 1860லேர்ந்து இருக்கு. இந்திய தண்டனைச் சட்டம் 191வது பிரிவு, பொய் சாட்சி என்னன்னு சொல்ற பிரிவு. பொய்னு தெரிஞ்சோ, பொய்னு நம்பியோ, அல்லது உண்மைன்னு நம்பாமலோ ஒரு பொய்யான விஷயத்தைச் சொன்னா அது பொய் சாட்சிங்குது. அந்த மூணாவதைப் பாருங்க, "உண்மைன்னு நம்பாமல்". அதோட விளக்கத்துல, தெரியாத ஒண்ணைத் தெரியும்னு சொல்றதும் பொய் சாட்சிதான்னு தனியா சொல்லியிருக்கு. அதுக்கு ஒரு உதாரணமும் இருக்கு, சட்ட காலேஜ்ல படிச்சப்ப அசந்துபோனேன்: ஒருத்தன் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கிட்டு, இன்னார் இன்ன தேதியில இன்ன இடத்துல இருந்தது எனக்குத் தெரியும்கிறான், அவனுக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அந்த ஆள் அன்னிக்கு நிஜமாவே அங்க இருந்திருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, இவன் சொன்னது பொய் சாட்சி. 2024 ஜூலைல பாரதிய நியாய சன்ஹிதாங்கிற புது சட்டம் வந்து நம்பர் மாறி இப்ப அதுல 227ஆவது பிரிவு, விஷயம் அதேதான். ஃபிராங்க்ஃபர்ட் எழுதறதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே இதை எழுதி வெச்சுட்டாங்க. தத்துவக்காரங்க இதைப் படிக்க மாட்டாங்க, வக்கீல்கள் படிச்சுட்டு இதுல தத்துவம் இருக்குன்னு நினைக்க மாட்டாங்க.

உங்க கேஸுக்கு இன்னும் நெருக்கமா ஒண்ணு இருக்கு, ஆச்சரியமா அதுவும் அப்ரூவல் விவகாரம்தான். இங்கிலாந்துல பிளிமத் பக்கம் ஒரு டிராம் கம்பெனி. குதிரை பூட்டி டிராம் ஓட்ட அவங்களுக்கு அனுமதி உண்டு, நீராவில ஓட்டணும்னா அரசாங்கத்தோட வர்த்தக வாரியம் தனியா சம்மதிக்கணும். டைரக்டர்கள் ஷேர் விக்கிற அறிக்கையில "நீராவி பயன்படுத்த எங்களுக்கு உரிமை இருக்கு"ன்னு பட்டவர்த்தனமா போட்டுட்டாங்க, சம்மதம் வராமலா போயிடும்னு ஒரு தைரியம். வாரியம் பெரும்பாலான தூரத்துக்குக் குடுக்கலை, கம்பெனி மூழ்கிடுச்சு, ஷேர் வாங்கினவர் கோர்ட்டுக்குப் போனார். 1889ல பிரபுக்கள் சபை (அப்ப அங்க அதுதான் உச்ச நீதிமன்றம்) வரைக்கும் போன டெர்ரி எதிர் பீக் வழக்கு இதுதான், உலகம் பூரா சட்ட மாணவர்கள் இன்னிக்கும் படிக்கிறாங்க. தீர்ப்பு சொன்னவங்கள்ல ஒருத்தரான ஹெர்ஷல் பிரபு மோசடிக்கு மூணு வழி சொன்னார். பொய்னு தெரிஞ்சே சொல்றது, உண்மைன்னு நம்பிக்கை இல்லாம சொல்றது, உண்மையோ பொய்யோன்னு கவலையே இல்லாம சொல்றது. மூணாவது உண்மையில ரெண்டாவதுக்குள்ளதான் அடங்கும்னும் அவரே சொல்றார், ஏன்னா கவலையே படாதவனுக்கு அதுல நம்பிக்கைன்னு என்ன இருக்க முடியும். ஆனா டைரக்டர்கள் தப்பிச்சுட்டாங்க. அவங்க முட்டாள்தனமா இருந்தாலும் நிஜமாவே நம்பினாங்கன்னு முடிவாச்சு. அதோட ஹெர்ஷல் ஒரு எச்சரிக்கையும் வெச்சார், ஒருத்தன் வேணும்னே கண்ணை மூடிக்கிட்டான், வேணும்னே விசாரிக்காம விட்டான்னு தெரிஞ்சா அங்க நேர்மையான நம்பிக்கை இல்லைன்னுதான் முடிவு பண்ணுவேன்னு. (ஷேர் வாங்கினவங்க வயித்தெரிச்சல் அடுத்த வருஷமே பார்லிமென்ட்ல புது சட்டமா வந்துச்சு, அது வேற கதை.)

இந்தக் கடைசி எச்சரிக்கையில இருந்து ஒரு விஷயம் தெளிவாகுது, நாம ரெண்டுன்னு நினைச்சது குறைஞ்சது மூணு. தெரிஞ்சே பொய் சொல்றவன், தெரியாம கவலையும் இல்லாம அடிச்சு விடறவன், நடுவுல ஒருத்தன், தெரிஞ்சுடுமோன்னு பயந்து தெரிஞ்சுக்காம இருக்கிறவன். லேஅவுட் போட்ட ஓனர்கிட்ட "அப்ரூவல் பேப்பரைக் காட்டுங்க"ன்னு கேட்டா இல்லைன்னுடுவாரோ, அப்புறம் நாம வாய்கூசாம இருக்குன்னு சொல்ல முடியாதேன்னு கேட்காம விடற புரோக்கர் இருக்காரே, அவரைக் கவலையில்லாதவர்னு எப்படிச் சொல்றது. அவருக்கு உண்மை எந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு வாசனை அடிச்சிருக்கு, அதனாலதான் மூக்கைப் பொத்திக்கிறார். அவரை நான் பொய்யனோட பெஞ்சுலதான் உட்கார வைப்பேன். உங்க ஆள் ரெண்டாவதா மூணாவதான்னு நீங்க எழுதினதை வெச்சு என்னால சொல்ல முடியாது, அவர் மனசுக்குள்ள போய்ப் பார்க்கவும் முடியாது. கோர்ட்டே சுத்தி இருக்கிற சூழ்நிலையை வெச்சு ஊகிக்கத்தான் செய்யும்.

சாட்சிக் கூண்டுக்கு வரேன், ஏன்னா எது மோசம்ங்கிறதுக்கு என் பதில் அங்கேர்ந்துதான் வருது. நல்லா தயார் பண்ணி வந்த பொய் சாட்சி கிராஸ்ல, அதாவது குறுக்கு விசாரணையில, எப்படி இருப்பான்னா ரொம்ப ஜாக்கிரதையா இருப்பான். தேதி சரியா இருக்கும், கிழமை சரியா இருக்கும், வேலி முள்வேலியா கல்காலான்னு கேட்டா ஒரு வினாடி யோசிச்சுத்தான் சொல்வான், ஏன்னா அவன் தலைக்குள்ள ரெண்டு நோட்டு ஓடுது, நடந்தது ஒண்ணு, சொல்ல வேண்டியது ஒண்ணு. அவன் எந்த இடத்துல தயங்கறானோ அந்த இடத்துலதான் உண்மை புதைஞ்சு கிடக்கு, அங்க தோண்டணும். ஒரு பழைய பட்டாவையோ வில்லங்கச் சான்றையோ எடுத்துக் காட்டினா முகம் மாறும். இன்னொரு வகை சாட்சி இருக்கான், யாரோ கூப்பிட்டாங்கன்னு வந்தவன். அன்னிக்கு மழை பெஞ்சுதான்னு கேட்டா, ஆமாம்பான். மழையே இல்லைதானேன்னு கேட்டா, அதுக்கும் ஆமாம்பான். கேட்கிற ரெண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவான். போலீஸ் கேஸ்ல மகஸர் (போலீஸ் சம்பவ இடத்துல எழுதற அறிக்கை) சாட்சின்னு வருவாங்க பாருங்க, "கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன், என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கலை" அப்படிம்பாங்க, எந்த வெட்கமும் இருக்காது. இவங்களை முரண்பாடு காட்டி மடக்கவே முடியாது. முரண்பாடு யாருக்கு வலிக்கும்னா ஒரு பக்கம் நிக்கிறவனுக்குத்தான் வலிக்கும்.

இதுல ஒரு சட்ட விஷயமும் சேருது. ஒரு விஷயத்துல பொய் சொன்னவன் சொன்ன எல்லாமே பொய்னு ஒதுக்கற ஒரு பழைய லத்தீன் விதி இருக்கு, அதை இந்தியாவுல கட்டாயமா கடைப்பிடிக்க வேண்டியதில்லைன்னு சுப்ரீம் கோர்ட் 1957லயே சொல்லிட்டுது, பதரை நீக்கி நெல்லை எடுத்துக்கோன்னு அதுக்கப்புறமும் எத்தனையோ தீர்ப்புல வந்தாச்சு. பொய்யன்கிட்ட அது முடியும். அவன் காரணத்தோட பொய் சொல்றான், அவன் அண்ணனைக் காப்பாத்தணும், இல்லை அந்த ரெண்டு சென்ட் நிலம் வேணும். அந்தக் காரணம் எது வரைக்கும் எட்டுமோ அது வரைக்கும்தான் பொய், அதைத் தாண்டி அவன் சொல்றதை எடுத்துக்கலாம். அடிச்சு விடறவன்கிட்ட நெல்லுன்னும் பதருன்னும் பிரிக்க ஒரு கோடே இல்லை. அவன் சொன்னதுல உண்மையும் இருக்கும், நிறையவே இருக்கும், எது உண்மைன்னு அவனுக்கே தெரியாது. அப்படின்னா நீங்க எல்லாத்தையும் முதல்லேர்ந்து நீங்களே சரிபார்க்கணும், அவன் பேசினதுக்கும் பேசாம இருந்ததுக்கும் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

இங்கேர்ந்து சந்தேகமான பகுதி. உண்மைக்குப் பொய்யனைவிட இவன்தான் பெரிய எதிரின்னு ஃபிராங்க்ஃபர்ட் முடிவு கட்டறார். பொய்யன் உண்மையோட ஆட்டத்துல எதிர் டீம்ல ஆடறான், இவன் ஆட்டத்தையே மதிக்கலை, இப்படியே பேசிப் பழகினவனுக்கு நாளாக நாளாக நிஜம் எதுன்னு பார்க்கிற பழக்கமே செத்துடும்ங்கிறது அவர் வாதம். ஊர் பூரா, நாடு பூரா எடுத்துக்கிட்டா இது சரியா இருக்கும்னு நினைக்கிறேன். ஹன்னா அரெண்ட்ங்கிற அரசியல் சிந்தனையாளர் 1967ல அரசியல் பொய்களைப் பத்தி எழுதினதும் இதுக்குப் பக்கத்துல வரும், தொடர்ந்து பொய்யைக் கொட்டிக்கிட்டே இருந்தா ஜனங்க அந்தப் பொய்யை நம்ப ஆரம்பிக்க மாட்டாங்க, உண்மை பொய்னு பிரிச்சு திசை கண்டுபிடிக்கிற அந்த உணர்வே போயிடும்னு. ஆனா தனி ஒரு ஆளுக்கு, ஒரு வியாபாரத்துக்கு, ஒரு கேஸுக்குன்னு வந்தா நான் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் முழுசா போக மாட்டேன். பொய்யன் குறி வெச்சு அடிக்கிறான், எங்க அடிச்சா நீங்க விழுவீங்கன்னு தெரிஞ்சு அங்கேயே அடிக்கிறான். அடிச்சு விடறவன் சொன்னது பத்துல நாலு உண்மையா அமைஞ்சு நீங்க தப்பிச்சுடவும் வாய்ப்பு இருக்கு. சொத்தைப் பறிகொடுத்துட்டு என்கிட்ட வந்து அழுத கட்சிக்காரங்கள்ல பெரும்பாலானவங்களை ஏமாத்தினது சுத்தமான, திட்டம் போட்ட பொய்யனுங்கதான். எது மோசம்னு ஒரே வரில கேட்டா ஒரே வரில பதில் இல்லை.

ஃபிராங்க்ஃபர்ட்கிட்ட எனக்கு இன்னொரு சண்டையும் உண்டு. அவர் சொல்ற அந்த முழு அலட்சியம், உண்மையே வேண்டாம்னு இருக்கிற மனுஷன், அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. உங்க புரோக்கர் தன் பொண்ணுக்குன்னு ஒரு மனை வாங்கினா என்ன பண்ணுவார்னு யோசிங்க. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், தாய்ப்பத்திரம் கேட்பார், அப்ரூவல் நம்பரை வாங்கி ஆபீஸ்ல நேர்ல போய் சரிபார்ப்பார், விஏஓகிட்ட ரெண்டு தடவை பேசுவார். அங்க அவர் எந்த நீதிபதியைவிடவும் உண்மைக்கு அலையற ஆள். அப்ப அலட்சியம் உண்மை மேல இல்லை, உங்களுக்கு வேண்டிய உண்மை மேல. உங்க கோவத்துக்குக் காரணமும் இங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன், இது நிரூபிக்க முடியாத அபிப்பிராயம், அப்படியே எடுத்துக்கோங்க. பொய்யன் உங்களை ஏமாத்த மெனக்கெட்டு உட்கார்ந்து யோசிச்சிருக்கான், உங்களுக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு கணக்குப் போட்டிருக்கான், அந்த அளவுக்காவது நீங்க ஒரு ஆளா அவன் கண்ணுக்குத் தெரிஞ்சீங்க. இவருக்கு நீங்க அதுகூட இல்லை.

தத்துவத்துல இதுக்கு எதிர்ப் பக்கமும் உண்டு. ஜி.ஏ. கோஹன்னு ஆக்ஸ்ஃபோர்ட்காரர் 2002ல ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு பதில் எழுதினார், நீ சொல்றவன் மனசையே பார்க்கிறே, ஆனா மனசார நம்பியே அர்த்தமில்லாததை எழுதித் தள்ற அறிஞர்களும் இருக்காங்களே, அவங்க எழுத்தைத் தெளிவுபடுத்தவே முடியாதே, அதையும் இந்தக் கணக்குல சேர்க்க வேண்டாமான்னு. நியாயமான கேள்வி, ஆனா உங்க விவகாரத்துக்கு அது ஒட்டாது. அதைவிட 1877ல டபிள்யூ.கே. கிளிஃபர்ட்னு ஒரு ஆங்கிலேய சிந்தனையாளர் வெச்ச கப்பல் முதலாளி கதை ஒட்டும். கப்பல் பழசு, ஓட்டை இருக்குமோன்னு சந்தேகம் வருது, ஆனா எத்தனை தடவை பத்திரமா போய் வந்துச்சுன்னு தனக்குத் தானே சமாதானம் சொல்லிச் சொல்லி, கடைசியில நிஜமாவே நல்ல கப்பல்னு நம்பி ஜனங்களை ஏத்தி அனுப்பிடறார், கப்பல் மூழ்குது, இவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கிறார். நம்பினது நிஜம்தான், ஆனா அவர் கையில இருந்த ஆதாரத்துக்கு அதை நம்ப அவருக்கு உரிமை இல்லைங்கிறார் கிளிஃபர்ட். கப்பல் மூழ்காம போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான், அகப்படாத குற்றவாளி. நம்ம 1872 ஒப்பந்தச் சட்டமும் கிட்டத்தட்ட இப்படியே ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கு. உண்மைன்னு நம்பாம சொன்னா 17வது பிரிவு, அது மோசடி. நம்பித்தான் சொன்னே, ஆனா அவ்வளவு உறுதியா சொல்றதுக்கு உன்கிட்ட இருந்த தகவல் போதாதுன்னா 18வது பிரிவு, அது மோசடி இல்லை, ஆனாலும் அந்த ஒப்பந்தத்தை நீங்க ரத்து பண்ணலாம். புரோக்கர் "இல்ல சார், நான் மனசார நம்பினேன்"னு மாத்திப் பேசினா அவர் போய் உட்கார்ற இடம் இதுதான். உங்ககிட்ட அவர் அப்படிக்கூடச் சொல்லலை, "தெரியாது"ன்னார், தன் வாயாலயே 17க்குப் போயிட்டார்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ மெஷின் பத்தி யாராவது கண்டிப்பா கேட்பீங்க, அதனால நானே சொல்லிடறேன். 2023ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட்ல ரெண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி எழுதிக் குடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவுல போட்டாங்க, ஆறு தீர்ப்பு உலகத்துலயே இல்லாதது, 5000 டாலர் அபராதம். சந்தேகம் வந்து அந்த மெஷின்கிட்டயே "இது நிஜமான கேஸா"ன்னு கேட்டிருக்காங்க, ஆமான்னு சொல்லியிருக்கு. இதைப் பொய்ங்கக் கூடாது, பிரமைங்கக் கூடாது, ஃபிராங்க்ஃபர்ட் சொன்ன வகைதான்னு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல மூணு பேர் 2024ல கட்டுரை போட்டாங்க. எனக்கு மெஷின் மேல அவ்வளவு ஆர்வம் இல்லை, நெஞ்சே இல்லாததுக்கு அலட்சியம் மட்டும் எங்கேர்ந்து வரும். அந்த நீதிபதி வக்கீல்களைப் பத்தி சொன்னதுதான் பிடிச்சுது, தெரிஞ்சே தவிர்த்தாங்கன்னு எழுதினார், ஹெர்ஷலோட கண்ணை மூடிக்கிறவன்தான் இது. 1994ல நக்கீரன் கோபால் தமிழ்நாடு அரசுக்கு எதிரா போட்ட ஆட்டோ சங்கர் வழக்குல நம்ம சுப்ரீம் கோர்ட்டும் இதே கோட்டைத்தான் போட்டுச்சு. அரசு அதிகாரியோட கடமை சம்பந்தமா பத்திரிகை எழுதினது தப்பாவே இருந்தாலும், உண்மையைப் பத்தி துளியும் அக்கறை இல்லாம எழுதினாங்கன்னு காட்டினாத்தான் நஷ்டஈடு, நியாயமா சரிபார்த்துட்டு எழுதியிருந்தா போதும்னு. அங்கயும் கேள்வி "சொன்னது உண்மையா"ங்கிறதோட நிக்கலை, "சொல்றதுக்கு முன்னாடி என்ன பண்ணினே"ன்னு போகுது.

நடைமுறையில உங்களுக்கு உதவறது அந்தக் கேள்விதான். "அப்ரூவல் இருக்கா"ன்னு கேட்டா மூணு பேருமே இருக்குன்னுடுவாங்க. "என்ன நம்பர், எந்த வருஷம், நீங்க பேப்பரைக் கண்ணால பார்த்தீங்களா, யார் சொல்லித் தெரியும்"னு கேளுங்க. பொய்யன் ஒரு நம்பர் சொல்வான், அது அவனைப் பிடிக்க உங்க கையில ஒரு கயிறு. கண்ணை மூடினவன் கோவப்படுவான், "என்ன சார் நம்பிக்கை இல்லையா"ன்னு. அடிச்சு விடறவன் சாதாரணமா "அதெல்லாம் பார்த்து சொல்றேன் சார்"னு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவான், பிடிபட்டோம்னுகூட அவனுக்கு உறைக்காது. எப்பவும் இப்படியே நடக்கும்னு உத்தரவாதம் குடுக்க மாட்டேன், நல்ல நடிகர்களும் இருக்காங்க.

எங்க தொழில் மட்டும் யோக்கியமான்னு நீங்க கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டம் ஆறாவது கட்டளை 15வது விதிப்படி, வழக்குல சொன்னதுல எந்தெந்த பத்தி தன் சொந்த அறிவுல சொல்றது, எந்தெந்த பத்தி கேள்விப்பட்டு உண்மைன்னு நம்பறதுன்னு கட்சிக்காரர் நம்பர் போட்டுப் பிரிச்சு எழுதிக் கையெழுத்து போடணும். இந்தப் பதில் பூரா நான் பேசின வித்தியாசத்தை அப்படியே விதியா எழுதி வெச்சிருக்காங்க. நடக்கிறது என்னன்னா, "மேற்கண்டவை யாவும் என் அறிவு மற்றும் நம்பிக்கைக்கு எட்டியவரை உண்மை"ன்னு ஒரே வரி டைப்பிஸ்ட் கம்ப்யூட்டர்ல எப்பவும் தயாரா இருக்கு, கட்சிக்காரர் படிக்காமலே கையெழுத்து போட்டுட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கப் போயிடுவார். அதை யாரும் பொய்னு சொல்றதில்லை.